பொதுக்குள ஸ்நான மகாத்மியம்

வங்காள விரிகுடாவைக் காசில்லாமல் அலையடிக்க விட்டு, அதன் கரையான மெரினாவிலேயே சீட்டு வாங்கிக் குளிக்க ஒரு நீச்சல் குளத்தையும் கட்டிவைத்த தீர்க்கதரிசனம் போற்றத்தக்கது. கடலின் ஆழம் யாருக்குத் தெரியும், குளத்துக்கோ சுவரிலேயே அடிக்கணக்கு எழுதியிருக்கிறது. இத்தகைய பொதுக்குளங்களுக்குக் குடும்ப சமேதராய் எழுந்தருளும் கிரகஸ்தர், இறங்குமுன் குழாயடியில் உடம்பைக் கழுவுக என்னும் அறிவிப்பைத் தம் வம்சத்தின் பரிசுத்தத்துக்கு நேர்ந்த அபவாதமாகக் கருதி, தலையில் தேங்காயெண்ணெயும் முதுகில் வியர்வையும் மினுமினுக்க ஜலப்பிரவேசம் செய்கிறார். குழந்தைகளோ, கழிவறை வரை நடந்து ஈரக்காலால் தரையைப் பாழாக்கலாகாது என்ற பொதுநல சிந்தையால், ஆகவேண்டியதை இருந்த இடத்திலேயே சமூகத்துக்கு அர்ப்பணித்துவிடுகிறார்கள். சற்றைக்கெல்லாம் மூக்கைத் துளைக்கும் நெடி எழ, “பார்த்தாயா, குளோரினைத் தாராளமாகப் போட்டிருக்கிறான், என்ன சுத்தம்!” என்று கிரகஸ்தர் மனைவியிடம் மெச்சுகிறார்.

குளோரின், வியர்வையோடும் சிறுநீரோடும் கலந்து குளோரமைனாக மாறும்போதுதான் அந்த நெடி பிறக்கிறது என்பது ரசாயன சாஸ்திரம். ஆகையால் அன்பர்களே, நெடி எவ்வளவுக்கெவ்வளவு பலமோ அவ்வளவுக்கவ்வளவு மனமாரப் பாராட்டுங்கள். அந்தப் புகழில் உங்கள் குடும்பத்துக்கும் பாத்தியதை உண்டு.