லண்டனில் பிறந்த பார்த்தெனான்

கிரேக்க நாகரிகம் ஏதென்ஸில் முளைக்காமல், மழையும் மூடுபனியுமாகத் தூரத்தில் கிடக்கும் ஒரு தீவில் வேர்விட்டிருந்தால்? இப்படியொரு கற்பனை வரலாற்றை எழுத யாரும் மெனக்கெட வேண்டாம். பிரிட்டிஷ் மியூசியம் இருநூறு ஆண்டுகளாக அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. வாசலில் கிரேக்கத் தூண்கள். உள்ளே பார்த்தெனான் கோயிலின் சிற்பங்கள். அந்தக் கோயில் நிற்கும் அக்ரோபோலிஸ் குன்று மட்டும் இன்னும் ஏதென்ஸிலேயே இருக்கிறது. கப்பலில் இடம் போதவில்லை போலும்.

கதாநாயகன் எல்ஜின் பிரபு. அப்போது ஏதென்ஸை ஆண்ட ஆட்டோமான் பேரரசுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் தூதர். 1801-இல் அவருடைய ஆட்கள் பார்த்தெனான்மீது ஏறினார்கள். சிலைகளை இறக்கினார்கள். தூக்கிப்போக வசதியாக, சிற்பப் பலகைகளின் முதுகை ரம்பத்தால் அறுத்தார்கள். அனுமதி? சுல்தான் அரசு தந்த கடிதமாம். மூலத்தைக் காணோம். இருப்பது இத்தாலிய மொழிபெயர்ப்பு. அந்தக் காகிதத்தை வைத்து நம்மூர் சார்பதிவாளர் அலுவலகத்தில் அரை சென்ட் நிலத்தைக்கூடப் பதிய முடியாது.

ஸ்காட்லாந்தில் தன் மாளிகையை அலங்கரிக்க நினைத்தவர், கடன் கழுத்தை நெரித்ததும் 1816-இல் எல்லாவற்றையும் பிரிட்டிஷ் அரசின் தலையில் கட்டினார். விலை 35,000 பவுண்டு. நெப்போலியன் போர் முடிந்து, வேலை போய், ஜனங்கள் ரொட்டிக்கு அல்லாடிய ஆண்டு அது. பிள்ளைகள் பசியில் கதற, அப்பன் கல் வாங்குவதாக க்ரூக்ஷாங்க் கார்ட்டூன் போட்டார். வரி கட்டியவனுக்கு அன்றைக்கே விளங்கிவிட்டது.

அப்புறம் கிரேக்கம் திருப்பிக் கேட்க, ஆரம்பித்தது சமாளிப்பு. எங்களிடம்தான் பத்திரமாக இருக்கும் என்றார்கள். 1930-களின் கடைசியில், சிலைகள் வெள்ளை வெளேரென்று இருக்கவேண்டுமென்று செப்புக் கருவியாலும் கார்போரண்டம் என்ற தேய்ப்புக் கல்லாலும் சுரண்டித் தள்ளினார்கள். பல நூற்றாண்டு வெயிலில் ஏறிய தேன்நிறம் போயே போச்சு. விஷயம் வெளியே வராமல் அமுக்கவும் பார்த்தார்கள். ரசனைக்குக் காவல் நிற்பவர்கள்!

உங்களுக்கு வைக்க இடம் ஏது என்றார்கள். 2009-இல் ஏதென்ஸ் புது மியூசியமே கட்டித் திறந்தது. மேல்தளத்தில் நின்றால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தெனான். லண்டனில் மாட்டிக்கொண்ட துண்டுகளுக்குப் பதில் வெள்ளைப் பிளாஸ்டர் அச்சுகள். லண்டனில் என்ன நிலவரம்? கிரேக்கக் கூடத்தின் கூரை ஒழுகியது.

ஏதென்ஸ் கேட்டால் ஆயிரம் சிக்கல். 2014-இல் ஹெர்மிடாஜ் மியூசியத்தின் 250-ஆவது ஆண்டு விழாவுக்கு அந்தச் சிற்பங்களில் ஒன்றான இலிஸோஸ் நதிக்கடவுள் மட்டும் சிக்கலே இல்லாமல் ரஷ்யா போய்வந்தார்.

2023-இல் பிரிட்டிஷ் மியூசியமே வாய் திறந்தது: சுமார் 2,000 பொருள்கள் காணோம், களவு, அல்லது சேதம். சில ஈபேயில் ஏலத்துக்கு வந்திருந்தன. இயக்குநர் ராஜினாமா செய்தார். 'பத்திரமாக இருக்கும்' என்ற பேச்சு மட்டும் ராஜினாமா செய்யவில்லை. அதே ஆண்டு நவம்பரில், கிரேக்கப் பிரதமர் இந்தச் சிலைகளைப் பற்றி பிபிசியில் பேசிவிட்டார் என்று அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் ரிஷி சுனக் அவரைச் சந்திக்கவே மறுத்தார். திருட்டுக்கு வராத கோபம், திருப்பிக் கேட்டதற்கு வந்தது.

மியூசியத்தைக் கேட்டால், திருப்பித் தரவிடாமல் 1963-ஆம் ஆண்டுச் சட்டம் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்கிறது. அரசைக் கேட்டால், அது அறங்காவலர்கள் பாடு என்கிறது. சட்டம் போட்டது யார், ஜீயஸா?

இப்போது ஓர் உபகாரம் செய்யத் தயாராம். கடனாகத் தருவார்களாம். ஒரே ஒரு நிபந்தனை: சிலைகள் பிரிட்டிஷ் மியூசியத்துடையவை என்று ஏதென்ஸ் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்ஜினிடம் இல்லாத பத்திரத்தைப் பறிகொடுத்தவன் கையாலேயே எழுதி வாங்கப் பார்க்கிறார்கள்.