காலின் காலூன்றாத வரலாறு: புதூர் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஓர் ஊரில் வழங்கும் பெயர்களை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர்கள் உண்டு. வழங்காத பெயரை ஆராய்ந்தவர் யாரும் என் கண்ணில் பட்டதில்லை. இத்தனைக்கும் இரண்டாவதில்தான் வசதி அதிகம். தரவு திரட்டும் செலவில்லை. மறுத்துப் பேச ஒருவரும் எழுந்திருக்க மாட்டார். அந்தத் தைரியத்தில் எழுதப்படுவது இக்கட்டுரை.

ஆய்வுப்பொருள், காலின் என்னும் ஆங்கில ஆண்பாற் பெயர். ஆய்வெல்லை, புதூர். தமிழ்நாட்டில் புதூர்களை எண்ணி மாளாது என்பதால் எல்லையை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டியிருக்கிறது. விளாத்திகுளம் வட்டாரத்தில், நாகலாபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புதூர். அங்கிருந்து எட்டயபுரம், கோவில்பட்டி, ஒட்டப்பிடாரம் வரை பரந்து கிடக்கிற, வெயிலில் பாளம் பாளமாக வெடித்து மழையில் செருப்பைக் கழற்றி வாங்கிக்கொள்கிற கரிசல் காடும் சேர்த்தி.

சிக்கல் இதுதான். இந்தக் கரிசல் காட்டின் வரலாற்றில் இடம்பிடித்த வெள்ளைக்காரர்களில் இருவர் பெயரில் காலின் இருக்கிறது. ஒருவர் கட்டபொம்மனை ஊர் ஊராக அலையவிட்டவர். இன்னொருவர் கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையிடம் அடிவாங்கித் திரும்பியவர். இவ்வளவு நடந்தும் அந்தப் பெயர் இங்கே ஒரு தொட்டிலிலும் விழக் காணோம். ஏன்?

முதலில் களப்பணி. புதூரில் ஒரு கடையில் நின்று, “அண்ணாச்சி, இந்தப் பக்கம் காலின் உண்டுமா?” என்று கேட்டேன். அண்ணாச்சி திரும்பிக்கூடப் பார்க்காமல், “அரை லிட்டரா, கால் லிட்டரா?” என்றார். மேல்தட்டில் நீல நிறத் திரவம், விசை வைத்த மூடி, பாட்டில் பாட்டிலாக நின்றது. ஆக, காலின் இங்கே வாழ்கிறார். முடிதிருத்தகக் கண்ணாடியிலும் ஸ்கூல் வேன் முகப்பிலும் அன்றாடம் புழங்குகிறார். அங்கே நின்ற வேன் டிரைவர் ஒருவர் முறையையும் சொல்லித் தந்தார். கரிசல் புழுதி படிந்த கண்ணாடியில் எடுத்த எடுப்பில் எதையும் அடிக்கக் கூடாது, சேறாகி இழுவிவிடும். முதலில் காய்ந்த துணியால் தட்டித் துடைக்க வேண்டும். அப்புறம் நாலு அடி நீலம். கடைசியில் பழைய தினத்தந்தித் தாளைக் கசக்கி ஒரு தேய். வட்டாரப் பயன்பாடு பற்றி நமக்குக் கிடைத்த நம்பகமான சான்று இது ஒன்றே.

அடுத்து டீக்கடை. பெஞ்சில் இருந்த பெரியவரிடம், “தாத்தா, காலின்னு யாருக்கும் பேரு கேட்டிருக்கீகளா?” என்றேன். “காலின்னா… யாரு காலுப்பா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. இலக்கணப்படி அவர் கேட்டதுதான் சரி. தமிழில் ‘காலின்’ என்று ஒரு சொல் தனியே நிற்காது. காலின் செருப்பு, காலின் கட்டைவிரல் என்று பின்னால் ஏதாவது வந்தாக வேண்டும். வாசலில் நின்று ஒரு தாய் “காலின்!” என்று கூப்பிட்டால் தெருவே மிச்சச் சொல்லுக்குக் காத்திருக்கும். (அந்த ‘இன்’ சாரியையா உருபா என்ற சண்டையில் இறங்கினால் கட்டுரை முடியாது.)

இனி, சொற்பிறப்பு. இதில் இரண்டு கட்சி உண்டு. இங்கிலாந்துக் கட்சியின் கூற்றுப்படி நிக்கோலஸ் என்ற பெயரின் தலையை வெட்டி, வாலைச் செல்லமாக நீட்டினால் காலின். சுப்பிரமணியன் தேய்ந்து சுப்பையா ஆனதைப் பார்த்த நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. நிக்கோலஸ் கிரேக்கப் பெயர். வெற்றி, மக்கள் என்ற இரண்டு சொற்களின் கூட்டு. கிறிஸ்துமஸ் தாத்தாவின் மூலவரும் ஒரு நிக்கோலஸ்தான். ஸ்காட்லாந்துக் கட்சி இதை ஏற்பதில்லை. அவர்கள் ஊரின் கேலிக் மொழியில் கைலன் என்று ஒரு பழம்பெயர் உண்டு. அதைத்தான் ஆங்கிலத்தில் காலின் என்று எழுதினார்கள், பொருள் ‘நாய்க்குட்டி’ என்கிறார்கள். அங்கே கேம்பெல் குலத்தின் தலைவருக்கே ‘பெரிய காலினின் மகன்’ என்பது பரம்பரைப் பட்டம். சிரிக்க வேண்டாம். பிறந்த பிள்ளை தங்க வேண்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றும், பிச்சை என்றும் பேர்வைத்தவர்கள் நாம். நாய்க்குட்டியைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை நமக்கு இல்லை.

முதல் காலினுக்கு வருவோம். ராமநாதபுரம் கலெக்டர் வில்லியம் காலின்ஸ் ஜாக்சன், நம் வழக்கில் காலின் ஜாக்சன். ஏடுகளில் டபிள்யூ. சி. ஜாக்சன். தமிழ் மரபில் தலைப்பெழுத்து தகப்பன் பெயர் என்பது சிறுபிள்ளைக்கும் தெரியும். இரண்டு எழுத்து இருந்தால் முன்னது பாட்டனாக இருக்கலாம், பின்னது தகப்பன். எனவே இவர் வில்லியம் பேரன், காலின் மகன் என்று முடிவு கட்டலாம். ஆனால் ஜாக்சன் என்றாலே ‘ஜாக்கின் மகன்’ என்று அர்த்தம். ஜாக் என்பது ஜானின் செல்லப் பெயர். தலைப்பெழுத்துப்படி தகப்பன் காலின், பெயர்ப்படி தகப்பன் ஜாக். இந்தக் குடும்பச் சிக்கலைத் தீர்க்காமலேயே கம்பெனி இவரைக் கலெக்டராக அனுப்பிவிட்டது.

நம்மைக் குழப்புவதற்கென்றே இங்கிலாந்து கிரிக்கெட்டிலும் ஒருவர் இருந்தார், மைக்கேல் காலின் கவுட்ரி. 1932 டிசம்பரில் ஊட்டியில் பிறந்தவர் என்று கிரிக்கெட் புத்தகங்கள் சொல்கின்றன. லண்டன் மேரிலபோன் கிரிக்கெட் கிளப்பின் சுருக்கெழுத்தான எம்.சி.சி. பிள்ளைக்கும் அமைய வேண்டும் என்றே தகப்பனார் அப்படிப் பேர் வைத்தாராம். தமிழ் முறையில் படித்தால் அவரும் காலின் மகன்தான். ஆக, நீலகிரியில் ஒரு காலின் பிறந்திருக்கிறார். கரிசலில் ஒருவரும் பிறக்கவில்லை என்பதே நம் கவலை.

1798இல் கிஸ்தி பாக்கிக்காகக் கட்டபொம்மனை ஜாக்சன் வரச் சொன்னார். குற்றாலம் போனால் அங்கே பேட்டி கிடையாது. அடுத்த ஊரிலும் கிடையாது. இப்படியே இழுத்தடித்து, செப்டம்பரில் ராமநாதபுரத்தில்தான் சந்திப்பு. அது கைகலப்பில் முடிந்தது. லெப்டினன்ட் கிளார்க் செத்தார். தானாபதி சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார். விசாரணைக்குப் பின் வேலை போனது கலெக்டருக்குத்தான். அவர் இடத்துக்கு லஷிங்டன் வந்தார். அடுத்த ஆண்டு கம்பெனியின் மேஜர் பானர்மேன் படையெடுத்து வந்தபோது தானாபதிப் பிள்ளையை நம் ஆய்வெல்லைக்குள் இருக்கும் நாகலாபுரத்தில்தான் தூக்கிலிட்டார்கள். கட்டபொம்மனைக் கயத்தாற்றில், 1799 அக்டோபர் 16. இதில் ஆய்வாளன் விளையாட ஒன்றுமில்லை.

இரண்டாவது காலின், மேஜர் காலின் மெக்காலே. பள்ளிக்கூட ஆண்டு விழாக்களில் நாம் தவறாமல் திட்டுகிற ‘மெக்காலே கல்வி’ மெக்காலேவுக்கு இவர் பெரியப்பா. ஸ்காட்லாந்துக்காரர். தகப்பனார் பாதிரியாராக இருந்த இன்வெரரி என்ற ஊர் மேற்சொன்ன கேம்பெல் தலைவர்களின் தலைநகர். எனவே இவர் விஷயத்தில் நாய்க்குட்டிக் கட்சியின் வாதமே செல்லும். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து ஊமைத்துரை தப்பி வந்து, இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாளில் திரும்பக் கட்டிவிட்டார். பார்க்க வந்த மெக்காலே பார்த்துவிட்டுத் திரும்பினார். மார்ச் 31 அன்று முழுப் பலத்தோடு மோதினார். பலத்த சேதம், கோட்டை விழவில்லை. அக்னியூ என்ற வேறொரு துரையும் மேலும் படையும் பீரங்கியும் வந்து, மே 24இல்தான் விழுந்தது.

இப்போது ஆய்வின் உச்சம். பாஞ்சாலங்குறிச்சி அந்த இடத்தில் ஏன் எழுந்தது? வேட்டைக்குப் போன இடத்தில் ஒரு முயல் திரும்பி நின்று வேட்டை நாய்களை விரட்டியதாம். வீரம் விளையும் மண் என்று கண்டு அங்கேயே கோட்டை கட்டினார்களாம். விஜயநகரத்துக்கும் இதே கதை உண்டு என்று சந்தேகப் பிராணிகள் சொல்வார்கள். உண்டுதான். ஆனால் ‘நாய்க்குட்டி’ என்று பொருள்படும் பெயரோடு அடுத்தடுத்து இரண்டு பேர் வந்து, ஒருவர் வேலையையும் இன்னொருவர் படையில் பாதி மானத்தையும் இழந்து போனது விஜயநகரத்தில் நடக்கவில்லை. கேலிக் அகராதி ஒன்று கைவசம் இருந்திருந்தால் கம்பெனி வேறு பெயருள்ள ஆட்களை அனுப்பியிருக்கும். மூன்றாவது காலினான காலின் மெக்கன்சி இதைக் கண்டுகொண்டவர் போலத் தெரிகிறது. இந்தியாவின் முதல் சர்வேயர் ஜெனரல். தென்னாடெங்கும் ஆள் வைத்துப் பாளையக்காரர் வம்சாவளிகளைச் சுவடியாகவும் தாளாகவும் சேர்த்தார். இந்தப் பக்கச் சண்டைக்கு வராமல் கதை கேட்டதால், பெயருக்கு மரியாதையோடு 1821இல் காலமானார். அவர் சேர்த்ததில் ஒரு பங்கு சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கிறது.

தோற்றவர் பெயர் என்பதால்தான் காலின் எடுபடவில்லை என்று முடித்துவிடலாமா? முடியாது. தோற்ற கலெக்டரின் இன்னொரு பாதியான ஜாக்சன், தென்மாவட்டங்களில் சக்கைப்போடு போடுகிறதே. ஜாக்சன், நெல்சன், வில்சன், கிளாட்ஸ்டன், லிவிங்ஸ்டன் என்று ஆங்கிலேயர் குடும்பப் பெயர்களாக வைத்திருந்தவற்றையெல்லாம் நாம் பிள்ளைகளின் சொந்தப் பெயராக்கிக்கொண்டோம். இதில் மிஷன் பள்ளிக்கூடங்களுக்குப் பங்குண்டு. ஜாக்சன் மட்டும் தனிக் கேஸ். 1959இல் வந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ படம் அந்தப் பெயரைப் பட்டிதொட்டியெல்லாம் சேர்த்தது. எண்பதுகளில் மைக்கேல் ஜாக்சன் வேறு வந்து சேர்ந்தார். இன்று ஒரு ஜாக்சனைப் பார்த்தால் பைபிள் பெட்டியா, சிவாஜி படமா, நடன கேசட்டா எந்த வழியில் வந்தவர் என்று விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

வாஷிங்டன் சுந்தரையும் இங்கே சாட்சிக்கு அழைக்க வேண்டும். 1999இல் சென்னையில் பிறந்தவர். சிறு வயதில் தனக்குப் பள்ளிச் செலவு வரை பார்த்துக்கொண்ட, வாஷிங்டன் என்ற பெயருடைய முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் நினைவாகத் தகப்பனார் வைத்த பெயர் அது. அமெரிக்க ஜனாதிபதிக்கு அதில் பங்கில்லை. பிரிஸ்பேனில் 2021 ஜனவரியில் தன் முதல் டெஸ்டிலேயே 62 ரன் எடுத்தார். வர்ணனையாளர்கள் வாய்க்கு வாய் ‘சுந்தர், சுந்தர்’ என்றார்கள். ஆடியது மகன், பேர் வாங்கியது அப்பா.

நம் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு பெயர் ஓர் ஊரில் தங்க, அதை யாராவது வாய்விட்டுக் கூப்பிட்டிருக்க வேண்டும். புதூர்ப் பக்கம் அந்தக் கலெக்டரைக் காலின் என்று கூப்பிட்டவர் யார்? ஜாக்சன் துரை என்றார்கள். அவரைக் காலின் என்று கூப்பிடும் உரிமை உடையவர்கள் கடலுக்கு அந்தப்பக்கம் இருந்தார்கள். இந்தப்பக்கமும் அதே கதைதான். குமாரசாமி என்ற பெயர் மறைந்து ஊமைத்துரை நின்றது. சண்டை போட்ட இரண்டு தரப்புக்கும் கரிசல் கொடுத்தது துரை என்ற ஒரே பட்டம். அதுதான் வெள்ளைத்துரை, சின்னத்துரை, துரைப்பாண்டி என்று வீட்டுக்கு வீடு கிளைத்தது. காலின் இந்த மண்ணில் தோற்கவில்லை, வரவே இல்லை. காகிதத்தில் ‘சி’ என்ற ஒற்றை எழுத்தாக வந்து, காகிதத்தோடு போய்விட்டது.

மனிதரை விடுங்கள், நாய்க்காவது வைத்திருக்கலாம் அல்லவா? அங்கேயும் அநியாயம். நம் திண்ணைகளில் ஜிம்மியும் டாமியும்தான் காலங்காலமாகப் படுத்திருக்கின்றன. ஜிம்மி என்பது ஜேம்ஸ். டாமி என்பது தாமஸ். 1801இல் இதே கோட்டையைத் தாக்கி, பின்னாளில் தன் புத்தகத்தில் ஊமைத்துரையை வியந்து எழுதிய வெல்ஷ் துரைக்கு ஜேம்ஸ் என்றுதான் பெயர். அவர் பெயருக்கு வாசலில் ஓர் இடம் கிடைத்துவிட்டது. பிறப்பிலேயே நாய்க்குட்டியான காலினுக்குக் கிடைக்கவில்லை.

எனவே ஆய்வாளனின் பரிந்துரை. இந்த வட்டாரத்துக்கென்றே சிப்பிப்பாறை என்று ஓர் இனம் இருக்கிறது. ஒட்டிய வயிறு, நீண்ட மூஞ்சி, காட்டில் அவிழ்த்துவிட்டால் முயலை எட்டிப்பிடிக்கிற ஓட்டம். அதில் குட்டி எடுத்து இன்னும் பெயர் வைக்காதவர்கள் காலினைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். முயல் வேட்டைக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் போனால் போகட்டும் என்பவர்கள், எதிரே வரும் முயல் எந்த ஊர்க்காரர் என்பதையாவது விசாரித்துக்கொள்ளவும்.