வராத ஆட்டத்தின் வாள்வீச்சு

2018 ஜூனில் பெதஸ்டா நிறுவனம் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’ என்ற வீடியோ கேம் வரப்போகிறது என்று ஒரு முன்னோட்டம் விட்டது. ஒரு நிமிடம்கூட ஓடாது. மலை, கொஞ்சம் மூடுபனி, ஒரு கடற்கரை, தலைப்பு. ஆள் அரவமே கிடையாது.

ரசிகர்கள் அதிலேயே சண்டை முறையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். கடற்கரை தெரிகிறதா, அப்படியானால் கதை அந்த ஆட்ட உலகின் ஹாமர்ஃபெல் நாட்டில். ஹாமர்ஃபெல் என்றால் ரெட்கார்டு இனத்தார். ரெட்கார்டு என்றால் வளைந்த வாள். வாள் வளைந்தால் வீச்சும் மாறத்தானே வேண்டும்? பிள்ளை பிறக்குமுன் பேர் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறோம். இவர்கள் காதுகுத்துக்கு மொய் எழுதுகிறார்கள்.

பாத்திர உருவாக்கத்திலும் ரசிகர்களிடையே இரண்டு கட்சி. இதே தொடரில் 2006இல் வந்த ‘ஒப்ளிவியன்’ வலிமை, அறிவு, அதிர்ஷ்டம் என எட்டுப் பண்புகள் வைத்திருந்தது. பிறந்த ராசிகூடக் கேட்கும். 2011இல் அடுத்து வந்த ‘ஸ்கைரிம்’ அதையெல்லாம் தூக்கிப்போட்டு உடல்நலம், மந்திரசக்தி, தெம்பு என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டது. எட்டும் ராசியும் திரும்ப வேண்டும் என்பது ஒரு கட்சி; மூன்றே அதிகம் என்பது மற்றது. தாடையை எவ்வளவு அகலமாக இழுக்கலாம் என்பதற்குத் தனி வழக்கு. முதல் தலைக்கவசம் கிடைத்ததும் அந்தத் தாடையை யாரும் பார்க்கப்போவதில்லை.

‘ஸ்கைரிம்’மில் மந்திரவாதியாகத் தொடங்கியவரும் கோடரி வீரராகத் தொடங்கியவரும் கடைசியில் இருட்டில் குனிந்து பதுங்கி அம்புதான் எய்தார்கள்; ரசிகர்களே சொல்லிச் சிரிக்கும் கேலி இது. ஆகவே நண்பர்களே, இனம், ராசியெல்லாம் அப்புறம் பார்க்கலாம். நாலு அம்பு சேர்த்து வையுங்கள்.