மயிலாப்பூர் மர்மப்பட மாமா

மர்மப்பட மாமா என்பவர், கறுப்பு வெள்ளையில் வந்த துப்பறியும் படங்களைத் தவிர வேறு எதையும் படம் என்று ஒப்புக்கொள்ளாத, பணி ஓய்வு பெற்ற ஆண். பெரும்பாலும் வங்கியிலோ ஏஜிஸ் ஆபீஸிலோ முப்பத்தைந்து ஆண்டு கணக்குப் பார்த்தவர். கொலையையும் கணக்காகவே பார்ப்பார்: ஒரு பிணம், ஐந்து பேர் மேல் சந்தேகம், கடைசி ரீலில் இரண்டு பக்கமும் நேராக வேண்டும். மயிலாப்பூர் மாட வீதிகள், தி. நகரின் உட்தெருக்கள், அடையாறு காந்தி நகர் ஆகிய இடங்களில் இவர் பரவலாகக் காணப்படுகிறார். காலை ஆறு மணிக்கு நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுற்றி வருவார்; கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு அடிக்கு ஒரு முறை நின்று யோசித்து நடப்பதால் மற்ற நடைக்காரர்களிலிருந்து எளிதில் பிரித்தறியலாம். மாமிகளில் இவ்வகை அரிது. அவர்களுக்கு வேண்டிய மர்மம் வீட்டுக்குள்ளேயே கிடைத்துவிடுகிறது.

இவரை உறுதி செய்ய ஒரே சோதனைதான். பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்றாவது நிமிடத்தில், "நீங்க ‘அந்த நாள்’ பார்த்திருக்கேளோ?" என்று கேட்பார். பார்த்ததில்லை என்றால் முழுக் கதையையும் சொல்வார். பார்த்தாயிற்று என்றால், பார்த்தவர் எதையெல்லாம் கவனிக்கத் தவறினார் என்பதைச் சொல்வார். இரண்டுக்கும் ஆகும் நேரம் ஒன்றே.

‘அந்த நாள்’ 1954 ஏப்ரலில் வெளிவந்த ஏவி.எம். தயாரிப்பு, பாட்டே இல்லாத முதல் தமிழ்ப் படம். ஆட்டமும் இல்லை, சண்டையும் இல்லை. இப்படி ஒரு படத்தை இயக்கியவர் எஸ். பாலசந்தர், அதாவது வீணை வித்துவான் பாலசந்தர் என்பதே மாமாவுக்கு முதல் மர்மம். இரண்டாவது மர்மம் சிவாஜி கணேசன். ‘பராசக்தி’ வந்து இரண்டே ஆண்டுதான் ஆகியிருந்தது. வசனத்துக்காகவே ஊர் திரண்டு வந்த நடிகரை எடுத்த எடுப்பில் சுட்டுச் சாய்த்துவிட்டு, மிச்சப் படம் முழுவதும் மற்றவர்கள் வாயால் அவர் கதையைச் சொல்ல வைத்தார்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட நாட்களில் நடக்கும் கதை. விசாரிக்கப்படும் ஒவ்வொருவரும் நடந்ததை ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். குரோசாவாவின் ‘ராஷோமோன்’ தந்த தாக்கம் இது என்பதை மாமா மறுப்பதில்லை. ஆனால் ஜப்பான் நமக்கு ஒரு குண்டும் ஒரு கதையும் கொடுத்தது என்று சொல்லி, தானே முதலில் சிரிப்பார்.

சிவாஜிக்கு முன் அந்த வேடத்தில் கல்கத்தா விஸ்வநாதனை வைத்துப் பல ஆயிரம் அடி எடுத்துவிட்டு மாற்றினார்கள் என்பது இவர் கையிருப்பில் உள்ள துருப்புச் சீட்டு. சி.ஐ.டி.யாக வரும் ஜாவர் சீதாராமன் குறித்து மட்டும் சிறு வருத்தம் உண்டு. படத்தின் திரைக்கதையை எழுதியவரும் அவரே. ஆகவே கொலையாளி யாரென்று அவருக்கு முன்பே தெரியும், அப்புறம் எதற்கு அத்தனை விசாரணை என்பது மாமாவின் கட்சி. இந்தப் படத்தை ரிலீஸ் அன்றே, முதல் காட்சியிலேயே பார்த்ததாகவும் சொல்வார். பிறந்த ஆண்டைக் கேட்டுக் கூட்டிக் கழித்தால் அன்றைக்கு அவர் தூளியில் இருந்திருப்பார். சென்னைத் தொலைக்காட்சி தொடங்கிய 1975க்குப் பிறகு, கூடத்தில் தெருவே கூடி உட்கார்ந்து பார்த்த ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கோ இந்த அறிமுகம் நடந்திருக்க வேண்டும். தடயங்கள் அப்படித்தான் சொல்கின்றன.

‘அந்த நாள்’ வேதம் என்றால் உபநிடதங்களும் உண்டு. வடுவூர் துரைசாமி ஐயங்கார் நாவலை மாடர்ன் தியேட்டர்ஸ் படமாக்கி, எம். என். நம்பியாரை விதவிதமான மாறுவேடங்களில் உலவவிட்ட ‘திகம்பர சாமியார்’ (1950). பொம்மைக்குள் வெடிகுண்டு வைத்து ஊரைச் சுற்றவிட்ட ‘பொம்மை’ (1964). ஜெயலலிதா நடித்த ‘யார் நீ?’ (1966), அகதா கிறிஸ்டியின் கதையை நம்மூர்க் குடும்பத்துக்கு இறக்கிய ‘நடு இரவில்’ (1970). இவற்றில் ‘பொம்மை’யும் ‘நடு இரவில்’லும் பாலசந்தருடையவை. வெளிநாட்டுக் கிளையில் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ (1941), பேசில் ராத்போன் ஷெர்லாக் ஹோம்ஸாக வந்த பதினான்கு படங்கள், ‘தி தேர்ட் மேன்’ (1949) ஆகியவை அடங்கும். கடைசிப் படத்தில் வியன்னா நகரின் பாதாளச் சாக்கடைக்குள் நடக்கும் துரத்தலை மாமா மெச்சுவார். பக்கிங்ஹாம் கால்வாயில் எடுத்திருந்தால் இன்னும் தத்ரூபமாக இருந்திருக்கும் என்ற குறிப்புடன்.

கலர்ப் படங்களோடுதான் வழக்கு. ‘புதிய பறவை’ (1964), ‘அதே கண்கள்’ (1967) இரண்டுமே நல்ல மர்மப் படங்கள், ஆனால் கலர். இந்தச் சிக்கலுக்கு மாமா கண்ட தீர்வு எளியது. டிவி ரிமோட்டை எடுத்து, வண்ணத்தைப் பூஜ்யத்துக்கு இறக்கிவிட்டுப் பார்ப்பார். படம் முடிந்ததும் பழையபடி ஏற்ற மறந்துவிடுவார். அன்றிரவு மாமியின் சீரியலில் கதாநாயகியின் பட்டுப்புடவை சாம்பல் நிறத்தில் வரும்போதுதான் அந்த வீட்டில் உண்மையான விசாரணை தொடங்கும்.

கறுப்பு வெள்ளை மேல் இவ்வளவு பிடிப்பு ஏன் என்றால் காரணம் இல்லாமல் இல்லை. அன்று கலர் பிலிம் விலை கூடியது. தமிழில் முழுநீளக் கலர்ப் படம் 1956ல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ வந்தபோதுதான் சாத்தியமானது. கையில் இருந்ததோ வெளிச்சமும் இருட்டும் மட்டும். ‘அந்த நாள்’ ஒளிப்பதிவாளர் மாருதி ராவ் அந்த இரண்டையும் வைத்தே பயத்தைக் காட்டினார். பாதி முகத்தில் விளக்கு, மீதி முகத்தில் சந்தேகம். ஜன்னல் கம்பியின் நிழல் ஒருவர் மேல் விழுந்தால் அவர் எப்போது வேண்டுமானாலும் கம்பி எண்ணலாம் என்று பார்ப்பவருக்குப் புரிந்தது. இன்னொரு வசதி, அந்த உலகத்தில் கைப்பேசியும் சிசிடிவியும் கிடையாது. மூலையில் ஒரு கறுப்பு டெலிபோன், அது அடித்தால் ஆபத்து, அடிக்காவிட்டால் பேராபத்து. இன்றைக்கு அதே கொலை நடந்தால் வாசல் கேமராவை ஓடவிட்டுப் பார்த்து, இடைவேளைக்கு முன்பே எல்லோரும் வீட்டுக்குப் போய்விடலாம். பிரிண்டில் கோடு கோடாக மழை பெய்வதையும் மாமா குறையாக நினைப்பதில்லை. மர்மத்துக்கு மழை பொருத்தம் என்பார்.

படம் பார்க்கும் முறைக்கு விதிகள் உண்டு. ட்யூப்லைட் அணைக்கப்பட வேண்டும். காபி முன்கூட்டியே டபரா டம்ளரில் வந்துவிட வேண்டும். ஆற்றும் சத்தம் துப்பாக்கிச் சத்தத்தோடு கலக்கக் கூடாது. கூடவே, படம் பார்த்திராத ஒருவர் கட்டாயம் வேண்டும். இந்த மூன்றாவது விதியில்தான் இவ்வகையின் இயல்பு வெளிப்படுகிறது. முடிவு தெரிந்த படத்தை இருபது தடவை பார்ப்பவருக்கு மர்மம் திரையில் இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் முகத்தில் இருக்கிறது. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் ஒருவன் இப்படி உட்கார வைக்கப்பட்டான். துப்பாக்கி வெடித்தது. தாத்தா டிவியைப் பார்க்கவே இல்லை, பேரனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எல்லாரையும் நன்னா கவனிச்சுக்கோ."

இருபதாவது நிமிடத்தில் பேரன் திரையை நோக்கி விரலை நீட்டினான். "இவங்கதானே தாத்தா?"

"எப்படிடா சொல்றே?"

"நீங்க இவங்க வரும்போதெல்லாம் என்னைப் பார்க்கறீங்க."

விரல் யாரைச் சுட்டியது என்பதை இங்கே எழுதுவது மரபன்று. அன்று மாமா இரவுச் சாப்பாட்டில் மோர் சாதத்தோடு நிறுத்திக்கொண்டார்.

கற்றதை வாழ்க்கையில் செயல்படுத்துவதும் இவ்வகையின் குணம். அடுக்குமாடி ஒன்றில் இரண்டாம் மாடிக்காரரின் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் மூன்று வாரம் தொடர்ந்து காணாமல் போனது. முதல் மாடி மாமா வழக்கைக் கையில் எடுத்தார். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வாட்ச்மேன், பேப்பர் போடும் பையன், எதிர் வீட்டு ஐடி வாலிபர் உள்ளிட்ட ஐந்து பேரை உட்கார வைத்து, கையைப் பின்னால் கட்டி நடந்தபடி ஒவ்வொருவரையும் கேட்டார். எதிர்பார்த்தபடியே ஐவரும் ஐந்து கதை சொன்னார்கள். மாமா மிகுந்த திருப்தியோடு மாடியேறினார். பழைய பேப்பர்காரருக்காகக் கட்டு கட்டிக்கொண்டிருந்த மாமி தலை நிமிராமல் கேட்டார்: "ஏன்னா, ஞாயித்துக்கிழமை பேப்பர் மட்டும் நம்மாத்துல எப்படி ரெண்டு ரெண்டா இருக்கு?" நடை முடிந்து யோசனையோடு வரும் மாமா, மூன்று வாரமும் மாடிப்படியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். தங்கள் வீட்டுப் பேப்பரை மாமி அதற்கு முன்பே வாசலிலிருந்து எடுத்துவிடுவார். தேவனின் துப்பறியும் சாம்பு ஏதோ உளறி, தற்செயலாகத் திருடனைப் பிடித்துப் பேர் வாங்கினார். மாமா முறைப்படி விசாரித்து, தன்னையே பிடித்துக் கொடுத்தார்.

இவ்வகைக்குப் புகலிடமாக இருந்த மயிலாப்பூர் கபாலி, காமதேனு, பாண்டி பஜார் ராஜகுமாரி முதலிய திரையரங்குகள் இன்று இல்லை. படங்கள் டிவிக்கும் யூடியூபுக்கும் குடிபெயர்ந்துவிட்டன. வெளியே யார் வண்டியை யார் இடித்தார், தண்ணீர் மோட்டாரை யார் அணைக்காமல் விட்டார் என்பது எதற்கும் கடைசி வரை விடை வருவதில்லை. அந்தப் படங்களுக்குள் மட்டும் விடை சரியான நேரத்தில் வந்துவிடுகிறது. அதனால்தான் மாமா திரும்பத் திரும்பப் போகிறார். அடுத்த விடுமுறைக்குப் பேரன் வரும்போது காட்ட ‘நடு இரவில்’ தயாராக இருக்கிறது. இம்முறை மாமா அவனுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்காரப் போகிறார்.