கேபிள் நல்லாத்தான் இருக்கு

"டிரைவர்தான்" என்பார் அண்ணா, லேப்டாப்பைத் தொடுவதற்கு முன்பே.

சித்தூரிலிருந்து திருப்பதி வரைக்கும் எந்தப் பொறியியல் கல்லூரி லேபிலும் இப்படி ஓர் அண்ணா உண்டு. ராஸ்பெர்ரி பை ஜீரோவை யுஎஸ்பியில் சொருகினால் தனியாக லேன் கம்பி வேண்டாம். அந்த ஒரே கேபிள் மின்சாரமும் கொடுத்து ஈதர்நெட் வேலையையும் பார்த்துவிடும். ஆனால் அண்ணா நீட்டும் கேபிளில் சொருகினால் போர்டில் பச்சை விளக்கு மினுக்கும், லேப்டாப்பில் ஒன்றும் நடக்காது. ஏதோ ஸ்பீக்கரோடு வந்த, சார்ஜ் மட்டும் ஏற்றுகிற கேபிள் அது. டேட்டாவுக்கான இரண்டு கம்பிகளும் அதற்குள் கிடையவே கிடையாது.

அதைச் சொல்லிப் பாருங்கள். அண்ணாவின் பதில், தமிழ்ப் பையன் என்றால் "கேபிள் நல்லாத்தான் இருக்குப்பா, லைட் எரியுதுல்ல?" தெலுங்குப் பையன் என்றால் "கேபிள் பாகுந்தி ரா."

பிறகு வேட்டை தொடங்கும். ஆர்என்டிஐஎஸ் டிரைவரை அழித்துத் திரும்பப் போடுவார். ஃபயர்வாலை அணைப்பார். மெமரி கார்டை மறுபடி எழுதுவார். கான்ஃபிக் கோப்பில் டிடபிள்யூசி2 வரி இருக்கிறதா, சிஎம்டிலைன் கோப்பு ஒரே வரியாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பார்ப்பார். எல்லாம் சரியாகவே இருக்கும். "அண்ணா, டி-மெசேஜ்ல ஒரு வரிகூட வரலையே" என்பாள், லினக்ஸ் லேப்டாப்பில் சொருகிப் பார்க்கிற இரண்டாம் ஆண்டுப் பெண். சொருகியதைக் கணினி உணர்ந்திருந்தால் அந்தச் செய்திப் பதிவில் நாலு வரியாவது வந்திருக்கும்.

"லினக்ஸ் அப்படித்தாம்மா."

அண்ணா விஷயம் தெரியாதவர் இல்லை. பீகிள்போன் போர்டின் 192.168.7.2 என்ற முகவரியைச் சுப்ரபாதம் போல ஒப்பிப்பார். பை போர்டு ஒவ்வொரு முறை எழும்போதும் புதுசாக ஒரு மேக் முகவரியைத் தானே வைத்துக்கொள்ள, விண்டோஸ் அதை வேறொரு அடாப்டர் என்று நினைத்து, பழைய ஐபி அமைப்பைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஒரு பேட்ச் முழுக்க முழித்தபோது, அந்த மேக் முகவரியை நிலையாக எழுதி வைத்துக் காப்பாற்றியவர் அவர்தான். இன்னொரு நாள் விண்டோஸ் போர்டை சீரியல் போர்ட் என்று எடுத்துக்கொண்டது. அன்றைக்கு நிஜமாகவே குற்றவாளி டிரைவர். வந்தது வினை! அந்த ஒரு வெற்றியை வைத்துத்தான் இன்றுவரை குடித்தனம் நடத்துகிறார்.

வேடிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். மாங்கூழ் ஆலைக்கு வெப்பமானி செய்கிற பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு லேப் நேரம்தான். அதுவும் டிரைவருக்கே போகிறது. 2015இலேயே ஸியோமி போன்களை அசெம்பிள் செய்யத் தொடங்கிய ஸ்ரீசிட்டி பக்கத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் பழைய போனோடு வந்த டேட்டா கேபிள் கிடக்கிறது. மாற்றிச் சொருக அரை நிமிஷம் ஆகுமா? கேபிள் விற்கிறவர்களாவது 'இது சார்ஜுக்கு மட்டும்' என்று அச்சடித்துத் தொலைக்கக் கூடாதா?

கடைசியில் அந்தப் பெண் யாரையும் கேட்காமல் தன் பழைய போன் கேபிளைச் சொருகினாள். யுஎஸ்பி0 என்று வந்தது, பிங் ஓடியது.

"பாத்தியா, டிரைவர் இப்பதான் செட் ஆச்சு" என்றார் அண்ணா. சாயங்காலம் தன் கேபிளில் வெள்ளை டேப் ஒட்டி, மார்க்கரில் 'டேட்டா' என்று எழுதி, லேப் பீரோவில் மற்ற கேபிள்களோடு போட்டுவிட்டுச் சித்தூர் பஸ் ஏறினார்.