ஒரே படை, ஏன் இத்தனை வடிவம்?

கேள்வி: விண்வெளிப் படங்களில் ஒரே படையின் கப்பல்கள் ஆளுக்கொரு வடிவத்தில் இருக்கின்றனவே! ஒரே அச்சில் வார்த்தால் செலவு மிச்சமாகாதா?

பதில்: மிச்சமாகும், ஆனால் யார் யாரைச் சுடுகிறார்கள் என்று நமக்குப் புரியாது! 1982-இல் வந்த ‘ஸ்டார் ட்ரெக்: தி ராத் ஆஃப் கான்’ படத்தில் மோதும் எண்டர்பிரைஸ், ரிலையன்ட் இரண்டும் ஒரே படையின் கப்பல்கள். எண்டர்பிரைஸுக்கு இன்ஜின் குழல்கள் ஏற்கெனவே மேலே தூக்கியபடி இருந்தன. அதனால் ரிலையன்டுக்கு வயிற்றுக்குக் கீழே தொங்கவிட்டார்கள். நிழலைப் பார்த்தே எது எதுவென்று குழந்தைகூடச் சொல்லிவிடும்.

நிஜக் கடற்படையிலும் விமானந்தாங்கி வேறு, நீர்மூழ்கி வேறு. வேலைக்கு ஏற்ற உடம்பு. போர்க்கப்பல் பல பத்தாண்டுகள் உழைப்பதால் தாத்தா கப்பலும் பேரன் கப்பலும் ஒரே அணியில் நிற்கும்.

என் மனம் கவர்ந்தது 1990-இல் ஸ்டார் ட்ரெக் தொடரில் வந்த ‘வுல்ஃப் 359’ போர்க்களக் காட்சி. 40 கப்பல் படை சிதைந்து மிதக்க வேண்டும். கலைஞர்கள் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளின் பாகங்களை மாற்றி மாற்றி ஒட்டிப் புதுப்புதுக் கப்பல்கள் செய்தார்கள். அதில் ஒன்றுக்கு இன்ஜின் குழலாக அமைந்தவை, நாம் பாடப் புத்தகத்தில் கோடு போடும் ஹைலைட்டர் பேனாக்கள்!

திரையில் சில நொடிகள்தான். ஆனாலும் ஒவ்வொரு கப்பலுக்கும் தனி முகம் கொடுத்தார்களே, அந்த அக்கறைதான் ‘இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள்’ என்று நம்மை நம்பவைக்கிறது.