நாக் அவுட் ஆட்டத்துக்கு ரெஃப்ரி பிடிப்பது எப்படி?

உங்கள் கல்லூரி பெங்களூரு ஈஜிபுராவில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் இருக்கிறது. மைதானம் என்ற பெயரில் பிரின்சிபால் கார் நிற்கும் இடம் மட்டும் உண்டு. இருந்தாலும் இந்த வருட இன்டர் காலேஜ் கால்பந்துப் போட்டியை நடத்தும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டது. நீங்கள்தான் பி.டி. மாஸ்டர்.

முதலில் பேனர் அடியுங்கள். அதில் பந்தைவிட பிரின்சிபால் படம் பெரிதாக இருக்கட்டும். பிறகு கோப்பை, சால்வை, சீஃப் கெஸ்டுக்கு மைசூர் பேட்டா தலைப்பாகை, வரவேற்புப் பாட்டுக்கு நான்கு பெண்கள், மைக் செட். இதெல்லாம் முடிந்து, முதல் ஆட்டத்துக்கு முந்தின நாள் இரவு ஒன்பது மணிக்கு, யாராவது ஒருவர் கேட்பார்: "சார், ரெஃப்ரி?" பதற வேண்டாம். ஊரில் பெரும்பாலோர் இந்தக் கேள்வியை இந்த நேரத்தில்தான் கேட்கிறார்கள். நீங்கள் மட்டும் ஒரு மாதம் முன்பே யோசித்து மரபைக் கெடுக்காதீர்கள்.

முறைப்படி என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரிந்து வைத்துக்கொண்டு மீறுவதற்காக. மாவட்டக் கால்பந்துச் சங்கத்துக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். அதில் தேதி, நேரம், மைதானம், எத்தனை ஆட்டம் என்ற விவரம் வேண்டும். எந்த ஆட்டத்துக்கு யார் என்பதை அவர்கள் பார்த்து அனுப்புவார்கள். இங்கேதான் கணக்கு இடிக்கும். பதினாறு அணிகள் மோதும் நாக் அவுட்டில் 15 ஆட்டங்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு ரெஃப்ரி, கோட்டோரம் இரண்டு உதவி ரெஃப்ரிகள், நான்காவது அதிகாரி என்று நாலு பேர். ஆக, 60 பேருக்கான சம்பளம். பட்ஜெட் தாளை எடுத்துப் பார்த்தால் ரெஃப்ரிக்கு ஒதுக்கிய தொகை பூமாலைக்கு ஒதுக்கியதைவிடக் குறைவாக இருக்கும். எனவே கடிதத்தில் "இரண்டு பேர் போதும்" என்று எழுதுங்கள். கொடி பிடிக்க ரிசர்வ் பெஞ்சிலிருந்து ஒரு பையனை அனுப்பலாம். தன் காலேஜ் கோல் போடும்போது அவன் கொடி தூங்கும், எதிரணி பந்தைத் தொட்டதும் விழித்துக்கொள்ளும். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்?

கொடியைச் சும்மா நினைக்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்திய அணி ஒரு முறைகூட உலகக் கோப்பையில் ஆடியதில்லை. 1950-ல் வாய்ப்பு வந்தும் போகவில்லை. ஆனால் 2002-ல் உலகக் கோப்பை மைதானத்தில் இந்தியர் ஒருவர் ஓடினார். உதவி ரெஃப்ரியாகக் கையில் கொடியோடு ஓடிய அவர் பெயர் கோமளீஸ்வரன் சங்கர். திண்டுக்கல்லைச் சேர்ந்த ரூபா தேவியும் மாவட்ட மைதானங்களில் விசில் ஊதித்தான் ஃபீஃபா பட்டியல் வரை போனார். அதெல்லாம் பெரிய கதை. உங்கள் கவலை நாளைக் காலை எட்டு மணி ஆட்டம்.

சரி, ஆளைத் தேடுவோம். நடுநிலையான ஆள் வேண்டும். உலகம் முழுக்க இதற்கு ஒரே வழிதான்: சம்பந்தமில்லாதவரைக் கொண்டு வா. உலகக் கோப்பையில் ஆடும் இரண்டு நாடுகளில் எதையும் சேராதவர்தான் விசில் ஊதுவார். அமெரிக்காவில் ஸ்காலர்ஷிப்கூடக் கொடுக்காத சின்னக் கல்லூரிகளுக்கு மூன்றாம் பிரிவு என்று ஒரு கால்பந்துப் போட்டி உண்டு. அது அவர்கள் கையால் தூக்கிக்கொண்டு ஓடும் கால்பந்து. 2024 முதல் அதன் பிளே ஆஃப் சுற்றில் 40 அணிகள். அங்கேயும் இரண்டு அணிகளின் வட்டாரத்தையும் சேராத வேறு வட்டாரத்து நடுவர் குழுவை, வரிக்குதிரைச் சட்டையில் ஏழெட்டுப் பேராக, அனுப்பிவைப்பதுதான் வழக்கம். வருடம் முழுக்க மதிப்பெண் போட்டு, நன்றாகச் செய்தவர்களுக்குத்தான் அந்த வாய்ப்பு.

இந்த வித்தையை ஈஜிபுராவில் முயன்று பாருங்கள். ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக்நகர், மர்ஃபி டவுன், அல்சூர் கௌதம்புரா என்று கால்பந்து ஊறிய தமிழ்ப் பேட்டைகள் எல்லாம் ஒரு ஆட்டோ தூரம். கௌதம்புராவில் பெலேவுக்கே சிலை வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் விசில் ஊதுகிறவர் எல்லோரும் ஒரு காலத்தில் இங்கேயே ஆடியவர்கள். ஒருவர் உங்கள் கோல்கீப்பருக்கு மாமா. இன்னொருவர் எதிரணி கோச்சோடு ஒரே டீமில் ஸ்டாப்பர் பேக். மூன்றாமவருக்கு யாரோடும் உறவில்லை, ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பெனால்டி கொடுத்ததால் இரண்டு தெருக்காரர்கள் அவரோடு பேசுவதில்லை. எனவே நடுநிலைக்கு உள்ளூர்ப் பரிசோதனை ஒன்றைச் சிபாரிசு செய்கிறேன். ரெஃப்ரி மைதானத்துக்குள் வரும்போது ஒரு பெஞ்ச் மட்டும் எழுந்து "அண்ணா, சாப்பிட்டாச்சா?" என்று கேட்டால் ஆளை மாற்றுங்கள். இரண்டு பெஞ்சும் கேட்டால் அவர்தான் நடுநிலையாளர். யாருமே கேட்கவில்லை என்றால் அவர் தப்பான மைதானத்துக்கு வந்துவிட்டார், முகவரி சொல்லி அனுப்புங்கள்.

உடல் தகுதி பற்றிக் கேட்காதீர்கள். ஃபீஃபா தன் ரெஃப்ரிகளை 40 மீட்டர் தூரத்தை ஆறு முறை விரட்டி ஓடவைக்கிறது. அது முடிந்ததும் 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை என்று நாற்பது தடவை, மொத்தம் நாலு கிலோமீட்டர். உங்களுக்கு அகப்படப் போகிறவர் காலையில் ஷிஃப்ட் முடித்து வருகிறவராக இருக்கலாம். நடு வட்டத்தில் நின்றபடியே ஆஃப்சைடு சொல்லும் ஞானம் அவருக்கு உண்டு. அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பைக் இருக்கிறதா என்பது. 2017-ல் வேலை தொடங்கிய ஈஜிபுரா மேம்பாலத்தின் தூண்களுக்கு அடியில் நெளிந்து நெளிந்து நேரத்துக்கு வந்து சேர்வதுதான் இங்கே நிஜமான ஃபிட்னெஸ் டெஸ்ட். அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் இருந்த பையன் வளர்ந்து உங்கள் டீமில் ரைட் விங் ஆடுகிறான். நல்லவேளை, பாலத்தின் வேகம் அவனுக்கு ஒட்டவில்லை.

இனி நாக் அவுட்டின் தனிக் குணம். லீக் ஆட்டத்தில் ரெஃப்ரி தவறினால் இரண்டு புள்ளி போகும், அடுத்த வாரம் சரிக்கட்டலாம். நாக் அவுட்டில் தோற்றவன் பையைக் கட்ட வேண்டியதுதான். அதனால் அனுபவசாலியைக் கடைசி ஆட்டங்களுக்கு வைப்பார்கள். நீங்கள் அவரை முதல் ஆட்டத்துக்கே வைத்துவிடுங்கள், ஏனென்றால் அன்றைக்குத்தான் சீஃப் கெஸ்ட் வருகிறார். ஃபைனலுக்கு யார் கிடைக்கிறாரோ அவர்.

அப்படி வைத்தால் என்ன ஆகும் என்று கேட்கிறீர்களா? தொழில்முறை ஆளை வைத்தாலே என்ன ஆகும் என்பதற்குச் சான்று இதே ஊரில் இருக்கிறது. 2023 மார்ச் 3, கண்டீரவா ஸ்டேடியம், ஐ.எஸ்.எல். பிளே ஆஃப். பெங்களூரு எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் கோலில்லாமல் 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரம். பெங்களூருவுக்கு ஃப்ரீ கிக் கிடைத்தது. கேரளாக்காரர்கள் சுவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே சுனில் சேத்ரி பந்தை வலைக்குள் தூக்கிப் போட்டார். விசிலுக்குக் காத்திரு என்று ரெஃப்ரி சொல்லாதவரை, ஃப்ரீ கிக்கை உடனே அடிக்க விதி இடம் கொடுக்கிறது. கோல் செல்லும் என்றார் ரெஃப்ரி. கேரளாவின் கோச் இவான் வுகோமனோவிச் தன் அணியை மைதானத்தைவிட்டே கூட்டிக்கொண்டு போனார். மறு ஆட்டம் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிளப்புக்கு 4 கோடி ரூபாய் அபராதம், கோச்சுக்குப் பத்து ஆட்டத் தடை. உங்கள் போட்டியில் ஓர் அணி இப்படி வெளியேறினால் அபராதம் போட யாருமில்லை. அவர்கள் கேன்டீனில் தருவதாகச் சொன்ன பிரியாணியை வாங்காமல் போவார்கள், அவ்வளவுதான்.

டை பிரேக்கர் வந்தால் ரெஃப்ரியை நம்பி விட்டுவிடுங்கள். நாணயத்தை இரண்டு தடவை சுண்ட வேண்டும், எந்தக் கோல் என்பதற்கு ஒன்று, யார் முதலில் என்பதற்கு ஒன்று. பெனால்டி தவறவிட்ட பையனைத் திட்டாதீர்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராக நம் ஆட்கள் இரண்டு பெனால்டியைக் கோட்டைவிட்டு 1-2 என்று தோற்றார்கள். அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் மைசூர் அணிக்கு ஆடிய சாரங்கபாணி ராமன்.

கடைசியாகப் பணம். ஆட்டம் முடிந்ததும் ரெஃப்ரி வேர்வையோடு உங்களிடம் வருவார். "வவுச்சர் ஆபீஸ்ல இருக்கு சார், திங்கள்கிழமை ஸ்வல்ப பன்னி" என்று கன்னடம் கலந்து வரச் சொல்லுங்கள். திங்கள்கிழமை அக்கவுண்டன்ட் லீவு. செவ்வாய்க்கிழமை மூன்று கையெழுத்தில் ஒன்று குறையும். பான் கார்டு ஜெராக்ஸ் கேளுங்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த மனிதர் பெட்ரோல் செலவையும் சேர்த்து இழந்தபின், அடுத்த வருடம் உங்கள் நம்பரைப் பார்த்ததும் போனை எடுக்க மாட்டார். அப்போது நீங்கள் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து, "பெங்களூருல நல்ல ரெஃப்ரியே இல்ல சார்" என்று அங்கலாய்க்கலாம். இந்த வழிகாட்டியை முழுதாகப் பின்பற்றியதற்கு அதுதான் அடையாளம்.

விளையாட்டை விட்டுச் சொன்னால், பேனரை ஓர் அடி குறைத்து அடியுங்கள் சார். மிச்சமாகும் காசைக் கவரில் போட்டு, ஆட்டம் தொடங்கும் முன்பே ரெஃப்ரிகள் நாலு பேர் கையிலும் கொடுத்துவிடுங்கள்.